எங்க வீட்டுக்காரர்

அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒருத்தி கையில் வாணலியோடு, எப்போது இடம் காலியாகும் என்று நின்றாள். மாடியில் குடியிருக்கும் மாணவிகள் அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. காலை வேளையில் அந்தச் சமையலறையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, பாத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். சின்னவள் பாத்திரத்தையும் பார்க்கவில்லை. மேடைமேல் கிடந்த போனில் மாமனாரின் எண் ஒளிர்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா போன் செய்கிற ஆள் இல்லை. அவருடைய போன் அலமாரியில் கிடக்கும், வீட்டில் புழங்குவது அத்தையுடையதுதான். அதைத் திறப்பதும் வந்த செய்தியை ஓடவிடுவதும் மூத்த மருமகளின் வேலை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் படித்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அவரே அழைக்கிறார் என்றால் விஷயம் பெரிது. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

என்ன விஷயம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தாள் என்று சொல்வதுதான் சரி.

புகுந்த வீட்டில் இரண்டாவது மருமகள் என்பதால் அவள் சின்னவள். கணவன் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. மகள் வாலு அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். அதன்பிறகு சின்னவள் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். அழ மட்டும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைத் தவறாமல் கவனித்து, கூடத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். கல் மாதிரி இருக்கிறாளே என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு காது மருத்துவரிடம் சோதனை அறையில் வேலை பார்த்தவள். மேலே படிக்க ஆசை இருந்தது. அதை ஞாபகம் வைத்திருந்தது அத்தை ஒருத்திதான். வாலு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு ஒருநாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ இப்படியே நடமாடிட்டு இருந்தா எனக்குப் பார்க்க முடியல கண்ணு. போ. எங்கயாவது போய்ப் படி. பிள்ளையை நான் பார்த்துக்கறேன்."

அத்தைக்கு இடது காது கேட்காது. வயதாகி மந்தம் என்று எல்லாரும் இப்போது சத்தமாகப் பேசுகிறார்களே தவிர, இடது பக்கம் சின்ன வயதிலிருந்தே முழுச் செவிடு என்பது யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாதவள், திமிர் பிடித்தவள் என்று காலமெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். மருமகளாய் வந்த புதிதில் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அத்தைக்கு வலது பக்கமாகவே உட்கார ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

மாமா லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும், வேறு எங்கேயாவது தங்கினாய் என்று என் காதில் விழக்கூடாது. சரி மாமா என்றுவிட்டு விமானம் ஏறினாள். அடுத்த விடுமுறையில் வந்து வாலுவையும் தன்னோடு கூட்டிப்போவது என்று ஏற்பாடு. விடுதியில்தான் இருந்தாள். மழைக்காலம் தொடங்கியபோது விடுதியின் தண்ணீர்க் குழாய் வெடித்து, கீழ்த்தளம் முழுக்க ஊறிப்போய், பழுது பார்க்கும்வரை வெளியே இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் திரும்பிவிடப் போகிறோம், எதற்கு ஊரைக் கலக்குவானேன் என்று வீட்டில் சொல்லாமல் விட்டாள். வேலை இழுத்துக்கொண்டே போனது. சொல்லாமல் விட்டது சொல்ல முடியாததாக ஆகிவிட்டது.

அப்படி வந்து சேர்ந்த வீடுதான் இது. கீழே வீட்டுக்காரர், மாடியில் மாணவிகள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பெரிய தொப்பை, பழைய கம்பளிச் சட்டை, எப்போதும் ஓடும் ரேடியோ. மாடியில் எதையாவது பழுது பார்க்க வரவேண்டியிருந்தால், மாடிப்படியின் அடியிலேயே நின்று பலமாகத் தொண்டையைச் செருமுவார். பெண்பிள்ளைகள் திடுக்கிடக் கூடாதாம். மற்றப் பெண்கள் அவருக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்திருந்தார்கள். சின்னவள் மட்டும் மரியாதையாக வீட்டுக்காரர் என்பாள். அந்த மரியாதைதான் வினையாகப் போனது.

முந்தின நாள் கடலோர ஊர் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காது சோதிக்கும் முகாம். மழையில் ரயில் ஓடவில்லை. போகாவிட்டால் அந்தப் பருவத்தின் செய்முறைப் பயிற்சி நிறைவாகாது. செருப்பு மாட்டும் இடத்தில் கருவிப்பெட்டியோடு அவள் நிற்பதைப் பார்த்த வீட்டுக்காரர், ஒன்றும் கேட்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பக் கூட்டி வந்தார். வழியில் கடற்கரையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, யாரிடமாவது எதையாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

வீடு திரும்பியதும் அத்தைக்குப் பேசி அனுப்பினாள். அத்தைக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிதானமாக, உரக்கப் பேசினாள்.

"அத்தை... இன்னிக்கு ஒரு ஊர்ல பிள்ளைங்களுக்குக் காது பார்க்கப் போனேன். ரயில் இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் கார்ல கூட்டிட்டுப் போனார். நாள் முழுக்க மழையில காத்துட்டு இருந்தார். வர்ற வழியில கடற்கரையில நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். எத்தனை நாளாச்சு அத்தை கடலைப் பார்த்து... அவர் இருக்கறதால எனக்கு இங்க ஒரு பயமும் இல்ல. வாலு வந்தா அவருக்கும் பேச்சுத்துணையா இருக்கும்."

அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனாள். காலையில் முட்டையை அடுப்பில் வைக்கும்போதுதான் பொறி தட்டியது. விடுதியில் ஏது வீட்டுக்காரர்? உளறிவிட்டோமே என்று நினைத்து முடிப்பதற்குள் மாமாவின் போன்.

எடுத்தாள்.

"மாமா பேசறேன்."

"சொல்லுங்க மாமா."

"நேத்து நீ அனுப்பினதைக் கேட்டோம். எல்லாரும் கூடத்துலதான் இருந்தோம்." பக்கத்தில் யாரையோ சும்மா இருக்கச் சொன்னார். "அது நிஜம்தானா?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "நிஜம்தான் மாமா."

"எப்போதுல இருந்து?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயம். தப்புத்தான் மாமா... வேற வழி இல்லாமப் போச்சு."

பின்னாலிருந்து மூத்த மருமகளின் குரல் வந்தது. "வேற வழி இல்லாமன்னா என்ன அர்த்தம்னு கேளுங்க மாமா."

மாமா அதைக் கேட்கவில்லை. "ஆள் யாரு?" என்றார்.

"பஸ் ஓட்டிட்டு இருந்தவர். இப்போ ரிட்டையர் ஆயிட்டார்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "ரிட்டையர் ஆனவரா..." என்று மட்டும் வந்தது.

"ஆமா மாமா. சம்சாரம் தவறிட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷன். மாடி ஏறணும்னாகூட இருமிட்டுத்தான் ஏறுவார்."

"இருமல் வேறயா..." என்றாள் மூத்தவள், பக்கத்தில் யாரிடமோ.

மாமாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. "இங்க பாரு. நீ யாரோடயும் எப்படியும் இருந்துக்கோ. கேட்க நான் யாரு? என் பையனே இல்ல. ஆனா பிள்ளையை அனுப்ப மாட்டேன். அது என் பையனோட பிள்ளை. இந்த வீட்லதான் வளரும்."

வைத்துவிட்டார்.

முட்டை உடைந்து வெள்ளை நுரையாகப் பொங்கியிருந்தது. பின்னால் நின்றவள் பெருமூச்சு விட்டாள். சின்னவள் பாத்திரத்தை இறக்கி இடம் கொடுத்தாள். தொட்டியருகில் நின்றபடியே உடைந்த முட்டையைத் தின்றாள். கையைக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அவள் நினைத்தது விடுதியை. அவர்கள் நினைத்தது கல்யாணத்தை. வாடகைக்கு வீடு விட்டவரும் வீட்டுக்காரர்தான், கட்டிக்கொண்டவரும் வீட்டுக்காரர்தான். நம் பேச்சில் இருவருக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு எல்லாரும் ஒழுங்காகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்கிறோம். யாராவது ஒருத்தர் நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் குடும்பத்தில் நேராகக் கேட்கிற பழக்கம் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அவள் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. மூத்தவளிடமிருந்து மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, பாப்பாவை இனி எதிர்பார்க்காதே என்று. விடுதி மாறியதற்கா இவ்வளவு என்று நியாயப்படி அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. வாக்கு தவறினோம், மாமா தண்டிக்கிறார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

நாட்கள் தம்பாட்டுக்கு நடந்தன. துணி துவைக்கும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தன் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றி முடித்து நின்றபிறகும் உட்கார்ந்திருந்தாள். நூலகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, மூடும் மணி அடித்ததும் எழுந்து வந்தாள். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய், கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பெயர் தெரியாத ஒரு தெருவில் சும்மா நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். குளிர்சாதனப் பெட்டியில் அவளுக்கு ஒதுக்கிய தட்டு காலியாகவே இருந்தது. வாலு பல் விழுந்த வாயைக் காட்டிச் சிரிக்கும் பழைய வீடியோ ஒன்று போனில் இருந்தது. அதைத் திறப்பாள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள்.

படிப்பில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று அப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது. சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். மெல்லிய ஓசை வரும். கேட்ட உடனே அழுத்த வேண்டும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டதுபோல் இருந்தாலே அழுத்த வேண்டும். மாணவிகள் ஒருவரையொருவர் சோதித்துப் பழகினார்கள். சின்னவளின் முறை வந்தபோது முடிவு மோசமாக இருந்தது, பாதிச் செவிடுபோல. ஆசிரியை உள்ளே வந்து விசாரித்தார். கேட்டதா? கேட்டது. பின்னே ஏன் அழுத்தவில்லை? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டது, ஆனால் தனக்காக ஒலித்ததாகத் தோன்றவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

விடுமுறை நெருங்கியபோது அத்தையிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பின்னணியில் குழாயில் தண்ணீர் கொட்டியது. யாருக்கும் தெரியாமல் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பேசியிருக்கிறாள். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காதவள் ஆதலால் தெருவுக்கே கேட்கும்படி பேசியிருந்தாள்.

"கண்ணு... டிக்கெட் போட்டபடி கிளம்பி வா. யார் என்ன சொன்னாலும் வா. நான் இருக்கேன். தனியா வர்றியா, இல்ல... சரி, எப்படி வந்தாலும் வா."

தனியாக வராமல் வேறு எப்படி வருவேன் என்று ஒரு நொடி நினைத்தாள். கூடப் படிக்கும் பெண்களைக் கேட்கிறாள்போல என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் ரயிலடிவரை கொண்டுவந்து விட்டார். பிள்ளைக்கு என்று சின்னதாக ஒரு பொம்மை பஸ் கொடுத்தார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதானே வருவாய், மாடி அறையில் ஜன்னல் கம்பியை இறுக்கி வைத்திருக்கிறேன் என்றார். அவள் தலையாட்டினாள். ரயில், விமானம், நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் நீண்ட காத்திருப்பு, மறுபடியும் விமானம். பக்கத்து இருக்கைக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் திறந்துகொடுத்தார். சாப்பிட்டாள். காது அடைத்தது. வாயைத் திறந்து மூடினால் சரியாகும் என்று அவளுக்குத் தெரியும். செய்யவில்லை.

டாக்சியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே கதவு திறந்தது. மூத்த மருமகள் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தனியாத்தான் வந்தியா?"

"ஆமாக்கா. வாலு எங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்கா. உள்ள வா. வந்து மாமாவுக்குப் பதில் சொல்லு. உன்னால இந்த வீட்ல யாரும் யாரோடயும் பேசறதில்ல தெரியுமா... எங்க மானம் மரியாதையை விடு, அந்தக் குழந்தையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா நீ?"

கூடத்தில் மாமா நாற்காலியில் இருந்தார். பேப்பர் மடித்தபடி மடியில் கிடந்தது. சுவரில் அவள் கணவனின் படம், பழைய இடத்திலேயே. பெட்டியின் பிடியை விடாமல் நின்றாள்.

"மாமா, நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட கொடுத்த வாக்கை மீறிட்டேன். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. பிள்ளையை மட்டும் பிரிக்காதீங்க."

"திட்டறதுக்கு என்ன இருக்கு." மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. "அதோ மாட்டியிருக்கே, அதைப் பார்த்துச் சொல்லு. எனக்குச் சொல்ல வேணாம். அவனுக்குச் சொல்லு."

அவள் படத்தைப் பார்த்தாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

"பாருங்க மாமா, இப்பவும் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல." மூத்தவளுக்குத்தான் குரல் உடைந்தது. "அன்னிக்கும் அப்படித்தான் நின்னா. நான் அழுதேன், பக்கத்து வீட்டுக்காரி அழுதா. இவ அழல. எனக்கு அப்பவே தெரியும்."

சமையலறையிலிருந்து அத்தை வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, சின்னவளுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றாள். அந்த வீட்டில் அத்தை கூடத்தின் நடுவில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"போதும். நிறுத்துங்க." எப்போதும்போல உரத்த குரல். "அவளை எதுக்கு நிக்கவெச்சுக் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. நான்தான் அனுப்பினேன். என் பையன் போயிட்டான். பெத்தவ நான், எனக்கு இல்லாத உரிமை இங்க யாருக்கு இருக்கு? அவன் போனான்னு இவளும் சுவத்துல மாட்டின படமா இருக்கணுமா? இவ இந்த வீட்ல எப்படி நடமாடினான்னு நான் பார்த்தேன். நீங்க பேப்பர் பார்த்தீங்க."

"நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் மாமா.

"தெரிஞ்சுதான் பேசறேன். அந்தக் குரலைக் கேட்டேன். கடலைப் பார்த்தேன்னு சொன்னாளே... எனக்குப் பாதிதான் கேட்டுச்சு, பெரியவதான் மீதியைச் சொன்னா. ஆனா குரல் கேட்டுச்சு. அவன் போனதுக்கப்புறம் இவ அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. வயசானவரோ, இருமறவரோ, யாரா இருந்தா என்ன? இவளை மனுஷியா பேசவெச்சிருக்கார். பிள்ளையை இவகூட அனுப்புங்க. இல்லேன்னா நான் கொண்டு போய் விடறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். சின்னவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். வாடகை வீட்டில் இருப்பதற்கும் மனுஷியாகப் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு ஓடவில்லை. அத்தை துணிக்கடைப் பையோடு திரும்பி வந்தாள். அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். வெளிர்நீலம், மடிப்புக் கலையாத புதுச் சட்டை. சின்னவளின் கையில் வைத்தாள்.

"இதை அவருக்குக் கொடு. நான் கொடுத்தேன்னு சொல்லு. அளவு தெரியல... நம்ம பையன் அளவுக்கு எடுத்துட்டேன்."

"யாருக்கு அத்தை?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தான்."

"அவருக்கு இது பத்தாது அத்தை. அவருக்குப் பெரிய தொப்பை." அவள் சட்டையையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவருக்கு எதுக்கு நீங்க சட்டை எடுத்தீங்க?"

"கட்டிக்கிட்டவருக்கு நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணும் செய்யாம விடறதா? அவர் என்ன நினைப்பார்?"

அப்போதுதான் சின்னவளுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எப்போதிருந்து, ஆள் யாரு, வேற வழி இல்லாம, தனியா வர்றியா. பெட்டியின் பிடியை விட்டாள். அது சாய்ந்து விழுந்தது.

"அத்தை... அவர் வீட்டுக்காரர். நான் குடியிருக்கற வீட்டோட வீட்டுக்காரர். வாடகைக்கு இருக்கேன். விடுதியில குழாய் வெடிச்சுப் போச்சு... அதைச் சொல்லலேன்னுதானே மாமா கோபமா இருக்கார்?"

மூத்த மருமகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஓனரா?"

"ஓனர்தான்க்கா."

"அதை ஓனர்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. வீட்டுக்காரர், டீ, கடற்கரைன்னு... கேக்கறவங்க என்னன்னு நினைப்பாங்க?" அவள் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னவாம்?" என்றாள் அத்தை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "என்ன சொல்றா அவ?"

கடைசியில் மூத்தவள் எழுந்து வந்து, அத்தையின் காதருகே குனிந்து கத்தினாள். "கல்யாணம் எதுவும் ஆகலையாம் அத்தை. வீட்டு ஓனராம்."

"ஆகலையா..." என்றாள் அத்தை.

அந்த முகத்தில் நிம்மதி வந்ததா, ஏமாற்றம் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை நாளும் தனியாக உட்கார்ந்து, மகனின் இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து வைத்துப் பழகியிருக்கிறாள். கடைக்குப் போய், செத்துப்போன மகனின் தோளை மனதில் அளந்து, வேறொருவருக்குச் சட்டை எடுத்திருக்கிறாள். அது எப்படிப்பட்ட வேலை என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். இப்போது அந்த வேலை தேவையே இல்லை என்கிறார்கள். அத்தை மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சின்னவள் சட்டையை விரித்தாள். கழுத்துப்பட்டையின் உள்ளே தைத்திருந்த அளவு எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணை அவள் எத்தனையோ தடவை கடைகளில் சொல்லி வாங்கியிருக்கிறாள். சட்டையின் தோளில் கையை வைத்து அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது. உள்ளே எங்கோ ஒன்று இடம்பெயர்ந்தது. முதலில் மூச்சு முட்டியது, பிறகு குரல் வந்தது, தன்னுடையதுதானா என்று அவளே திகைக்கும்படியான குரல். சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். இத்தனை காலம் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. மூத்தவள் பக்கத்தில் வரப் பார்த்து, வராமல் நின்று, புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா எழுந்தார். மடியிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கதவருகே போய்ச் செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மூத்தவள்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்."

"இப்பவா? பள்ளிக்கூடம் விட நேரமிருக்கே மாமா."

"கேட்டுக் கூட்டிட்டு வரேன். அவங்க அம்மா வந்திருக்கான்னு சொன்னா விடமாட்டாங்களா?" கதவைத் திறந்துவிட்டு நின்றார். சின்னவளைப் பார்க்காமல், கதவைப் பார்த்துப் பேசினார். "பிள்ளையோட பாஸ்போர்ட் என் அலமாரியில மேல் தட்டுல இருக்கு. எடுத்து அவகிட்ட கொடு... அந்தப் பெரியவர் நாள் முழுக்க மழையில காத்துட்டு இருந்தாரா?"

"ஆமா மாமா," என்றாள் சின்னவள் அழுகைக்கு நடுவே.

"நான் விசாரிச்சேன்னு சொல்லும்மா."

போய்விட்டார். மூத்தவள் விழுந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். டீ போடுகிறேன் என்று முனகியபடி உள்ளே போனாள். பாத்திரத்தை எடுக்கும்போது, "வீட்டுக்காரராம் வீட்டுக்காரர்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டது கூடம்வரை கேட்டது.

அத்தை சின்னவளை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். "அழு," என்றாள். "நல்லா அழு. நான் பயந்தே போயிட்டேன் கண்ணு, உனக்கு இனிமே வரவே வராதோன்னு."

சின்னவள் அத்தையின் தோளில் முகத்தை வைத்திருந்தாள். அவசரத்தில் அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அங்கே என்ன சொன்னாலும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளால் கேட்க முடிந்தது. அழுது அழுது குரல் கம்மிப்போய், உதட்டுக்குள்ளேயே கேட்டாள்.

"அத்தை... ஒருநாள் அது நிஜமாவே நடந்தாலும், நீங்க இப்படித்தான் என் பக்கம் நிப்பீங்களா?"

அத்தை எதிர்ச்சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டீத்தண்ணீர் கொதிக்கும் ஓசை வந்தது. அப்புறம் சின்னவளின் கை மேல் கிடந்த அத்தையின் விரல்கள் ஒருமுறை அழுந்தின, மெதுவாக, ஆனால் நிச்சயமாக.

சின்னவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடது காது. கேட்டிருக்க வழியே இல்லை.

"சட்டையைக் கசக்காதே," என்றாள் அத்தை. "மடிச்சு உன் பெட்டியில வை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் தரையில் சட்டையை விரித்து மடிக்கத் தொடங்கினாள்.